ஆளுக்கொரு கை

புதுப் பெட்டி வந்த அன்றைக்கே பழைய பெட்டி அநாதையாகிவிட்டது. மகன் கூரியர் கம்பெனியில் சேர்ந்து, சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் பெரிய சாமான் அந்தப் புது வீடியோ கேம். டி.வி.க்குப் பக்கத்தில் புதுமாப்பிள்ளை மாதிரி அது உட்கார்ந்துகொண்டது. அதுவரை அங்கே இருந்த கறுப்புப் பெட்டி, ஒயர் சுற்றிய கண்ட்ரோலரோடு தரைக்கு இறங்கி, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே போகிறவர் வருகிறவர் காலையெல்லாம் தடுக்கிக்கொண்டிருந்தது.

மகனின் அம்மா ரொட்டித் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறவள். தெரிந்தவர்களுக்கெல்லாம் அவள் ரொட்டியக்கா. காலை ஷிப்ட் முடிந்து, நின்று நின்று கால் வீங்கி வீட்டுக்கு வந்தால், முதல் வேலையாக அந்தப் பெட்டியில்தான் கட்டைவிரலை இடித்துக்கொள்வாள்.

"டேய், இதை என்னதான் பண்ணப் போற?"

"பார்க்கலாம்மா."

"வந்ததுலேர்ந்து பார்த்துட்டுத்தான் இருக்க. கடையில குடுத்து ஏதாவது மாத்திக்க முடியாதா?"

"ஒயர் வெச்ச கண்ட்ரோலர்மா இது. கொண்டுபோய்க் காட்டினா கடைக்காரன் சிரிக்கிறான்."

"அப்ப யாருக்காவது சும்மா குடு. மாடி வீட்டுப் பையன் இருக்கானே?"

"அவன் என்னுதைவிடப் புதுசு வெச்சிருக்கான்."

"பழைய சாமான்காரர் வந்தா போட்டுடவா?"

"ஐயோ வேண்டாம்மா. பிரிச்சு செம்பு எடுத்துட்டு மிச்சத்தைக் கொளுத்துவாங்க. பள்ளிக்கூடத்துலேர்ந்து விளையாடினது. மனசு வரல. பரண்ல வெச்சுடு."

"பரண்ல இதுக்கு முந்தினதே கிடக்கு. அதுக்கு முந்தினதும் கிடக்கு. தாத்தா, அப்பன், புள்ளைன்னு வம்சத்தையே நான் அங்க குடி வைக்க முடியாது. இடிஞ்சா என் தலையிலதான் விழும்."

மற்ற காலமாக இருந்தால் உள்ளே கட்டிலில் படுத்திருந்த அவள் புருஷன் இதற்கு வாய்விட்டுச் சிரித்திருப்பார். பேச்சில் கெட்டிக்காரர். கட்டட வேலைகளுக்குக் கிரேன் ஓட்டினவர். பதினெட்டாவது மாடிக்கு இரும்பைத் தூக்கி, கீழே நிற்கிறவன் காட்டுகிற விரலளவுக்கு இறக்கி வைக்கிற கை அவருடையது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்து இரண்டு சிறுநீரகத்தையும் வாங்கிக்கொண்டு போன பிறகு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் வார்டில் மெஷினோடு கட்டிப் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். முடிந்து வரும்போது பிழிந்து போட்ட துணியாக வருவார்.

"ஊசி வலிக்குதா?" என்று அவள் ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊசி கிடக்குது. அந்தக் கூரையைப் பார்த்துட்டே படுத்திருக்கேனே, அதாண்டி தாங்கல. என்னை அங்கேருந்து எப்படியாவது வெளியில எடுத்துடு."

அவள் எடுக்கத்தான் பார்த்தாள். தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று சொன்னாள். முதலில் அவர் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார். அந்தக் கூரை அவரை ஒத்துக்கொள்ள வைத்தது. பரிசோதனை எல்லாம் முடிந்து, பொருந்துகிறது என்று டாக்டர் சொன்ன அன்று, அவள் ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். இனி அனுமதி வர வேண்டியது, தேதி குறிக்க வேண்டியது, அவ்வளவுதான்.

அந்த இடைப்பட்ட நாளில்தான் கட்டைவிரலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த யோசனை வந்தது. வார்டில் டி.வி. இருக்கிறது. சத்தம் இல்லாமல் எந்நேரமும் எதையோ காட்டிக்கொண்டிருக்கும். அதில் இந்தப் பெட்டியை மாட்டிவிட்டால் மனுஷனுக்குப் பொழுது போகுமே.

தலைமை நர்ஸ் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "பெட்டி ஓரமா இருக்கட்டும். ஆனா கையில பிடிக்கிறது இருக்கே, அந்தப் பொத்தான் இடுக்கையெல்லாம் யாரு துடைக்கிறது? இங்க ஒருத்தர் கிருமி இன்னொருத்தருக்கு எமன்."

மறுநாள் அவள் தொழிற்சாலையிலிருந்து ரொட்டி போடுகிற கண்ணாடிக் கவரில் ஒரு கட்டு கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். கண்ட்ரோலரை அதற்குள் போட்டு, வாயை ஒயரோடு சேர்த்து முறுக்கி டேப் ஒட்டினாள். பொத்தானெல்லாம் மேலேயிருந்தே அமுங்கின. "ஒவ்வொரு தடவையும் புதுக் கவர் போட்டுடலாம் சிஸ்டர்" என்றாள். நர்ஸ் இரண்டு மூன்று தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. டயாலிசிஸ் வார்டில் கைக்குத் தனிப் பெயர் உண்டு. ரத்தம் போய்வருகிற குழாய் செருகிய கை ஊசிக் கை. மற்றது சும்மா கை. ஊசிக் கையை மடக்கக் கூடாது, தூக்கக் கூடாது, ஆட்டினால் மெஷின் கத்தும். சும்மா கைதான் நாலு மணி நேரத்துக்கு மனிதனுக்கு மிச்சம். அதை வைத்து மூக்கைச் சொறியலாம், போர்வையை இழுத்துக்கொள்ளலாம், போனைப் பிடித்துக்கொள்ளலாம். கேம் விளையாட முடியாது. கண்ட்ரோலருக்கு இரண்டு கை வேண்டும் என்கிற சின்ன விஷயம் தாய்க்கும் தோன்றவில்லை, மகனுக்கும் தோன்றவில்லை, ஒயரைச் செருகிக் கொடுத்த டெக்னீஷியனுக்கும் தோன்றவில்லை.

கிரேன்காரர் வலது கையில் அதை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். அவருக்கு இடது கை ஊசிக் கை. திரையில் ஒரு பொடியன் முதுகில் மூட்டையோடு மலையடிவாரத்தில் நின்றான். அவனை நடத்தினால் குதிக்க வைக்க முடியவில்லை. குதிக்க வைத்தால் நடத்த முடியவில்லை. பொடியன் நின்ற இடத்திலேயே தத்தித் தத்திக் குதித்தான்.

"என்னண்ணே, பையனுக்கு உள்ளங்கால்ல முள்ளு குத்திடுச்சா?"

பக்கத்துப் படுக்கை. கடைத்தெருவில் சலூன் வைத்திருக்கிறவன். கல்யாணம் ஆகாதவன், வாய் மட்டும் நீளம். இடது கை நரம்பு முதலிலேயே கெட்டுப்போய், அவனுக்கு வலது கையில்தான் ஊசி. கத்திரி பிடிக்கிற கையிலேயே குத்த விட்டுவிட்டு, ஊசி இல்லாத நாட்களில் அதே கையால் முடி வெட்டிச் சாப்பிடுகிறவன்.

"சிரிக்காதடா. ஒரு கையை வெச்சுட்டு இதை என்ன பண்றது?"

"உங்ககிட்ட ஒரு கை சும்மாதான் இருக்கு. என்கிட்டயும் ஒரு கை சும்மாதான் இருக்கு. கூட்டா கடை போட்டுடலாமா?"

சாப்பாட்டு மேஜையை இரண்டு படுக்கைக்கும் நடுவே தள்ளினார்கள். துண்டை மடித்துப் போட்டு, கண்ட்ரோலர் நகராமல் அதன்மேல் வைத்து டேப் ஒட்டினார்கள். இந்தப் பக்கத்திலிருந்து அவர் வலது கை வந்தது, அந்தப் பக்கத்திலிருந்து அவன் இடது கை வந்தது. இடது பக்கக் குச்சி அவர் வலது கட்டைவிரலுக்கு வந்தது, வலது பக்கப் பொத்தான்கள் அவன் இடது கட்டைவிரலுக்குப் போயின. இருவருக்கும் கை மாறித்தான் கிடைத்தது. அவர் நடத்த வேண்டும், அவன் குதிக்க வைக்க வேண்டும்.

"குதி! குதின்னா குதிடா!"

"சொல்லிட்டு நடங்கண்ணே. நான் என்ன உங்க மனசுக்குள்ளயா உட்கார்ந்திருக்கேன்?"

பொடியன் அன்று பள்ளத்தில் விழுந்த கணக்கை யாரும் எடுக்கவில்லை. எதிர்ப் படுக்கைப் பள்ளிக்கூட டீச்சர் அவன் விழும்போதெல்லாம் "ச்சோ" கொட்டினாள். மெஷின் கத்தியபோதுதான் நாலு மணி நேரம் முடிந்துவிட்டது என்று கிரேன்காரருக்குத் தெரிந்தது. "அதுக்குள்ளயா?" என்று கேட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்துவிட்டு உள்ளே வந்த அவளுக்கு, அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு வயிறு குளிர்ந்துபோயிற்று.

அதற்குப் பிறகு வார்டு நாள் என்றால் அவரே முந்திக் குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். டயாலிசிஸ்காரர்களுக்குக் குடிக்கிற தண்ணீரும் அளவுதான், மிஞ்சினால் எடையில் தெரிந்துவிடும். வாசலில் எடை பார்க்கும்போதே சலூன்காரன் ஆரம்பித்துவிடுவான். "அண்ணே, முள்ளு எக்கச்சக்கமா ஏறுது. திருட்டுத் தண்ணி குடிச்சிருக்கீங்க." "நீ மட்டும் என்னடா, தொட்டியையே குடிச்சவன் மாதிரி முகம் வீங்கிக் கிடக்க." பழைய பெட்டியின் விசிறி கரகரவென்று இரையும். இரண்டு பேரும் மலை ஏறுவார்கள். ஒரு மாதத்தில் "குதி" என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அவர் பொடியனை விளிம்புக்குக் கொண்டுபோகிற அதே நொடி அவன் கட்டைவிரல் இறங்கும். கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்தால் ஒரே ஆளின் இரண்டு கை மாதிரி இருந்தது.

அனுமதி வந்தது. டாக்டர் தேதி சொன்னார். கிரேன்காரர், "அடுத்த மாசம் வெச்சுக்கலாங்களா?" என்று கேட்டார்.

அவள் அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் வந்தபோது, மழைக்காலம் முடியட்டும் என்றார். மழை விட்ட பிறகு, மகன் வேலை நிரந்தரமாகட்டும் என்றார். டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இருதயம் வீங்கிக்கொண்டே போகிறது, இன்னும் தள்ளிப்போட்டால் மயக்க மருந்தே கொடுக்க முடியாமல் போய்விடும், பிறகு நீங்கள் கொடுத்தாலும் வைக்க வழியில்லை என்று சொன்னார். வீட்டுக்கு வந்தவள் உருளைக்கிழங்கை வேகவைத்துத் தண்ணீரை வடித்தாள். மறுபடி தண்ணீர் ஊற்றி வேகவைத்து மறுபடி வடித்தாள். அப்போதுதான் அவர் உடம்புக்கு ஆகாத உப்புச் சத்து இறங்கும். சத்தும் ருசியும் போன அந்தக் கிழங்கைத் தட்டில் வைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, இன்னைக்கு ஒரு முடிவு சொல்லுங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? ஓடிட்டுத்தானே இருக்கு. முன்ன மாதிரி கஷ்டமாவும் இல்ல. நீயும் கத்தி பட்டுப் படுத்துட்டா வீடு என்ன ஆகுறது?"

"அது நாம பேசி முடிச்சதுங்க."

அவர் கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னார். "சலூன்காரனுக்குக் குடுக்க யாருமே இல்ல. அம்மா சர்க்கரை நோயாளி. அண்ணன்காரன் போனையே எடுக்குறதில்ல. வரிசையில பேரு எழுதிட்டு எத்தனை வருஷம் காத்திருக்கணுமோ. நான் எந்திரிச்சு வந்துட்டா அவன் ஒத்தைக் கையை வெச்சுட்டு என்ன பண்ணுவான்?"

பரணில் போட்டிருக்க வேண்டிய பெட்டியை வேலை மெனக்கெட்டுத் தூக்கிக்கொண்டு போய் வைத்தது அவள்தான். புருஷன் அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்திருந்தால் இந்நேரம் ஆபரேஷன் முடிந்து எழுந்து நடந்திருப்பார். வலியை மறக்க வைக்கப் போய், வலி இருப்பதையே மறக்க வைத்துவிட்டாள். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத் தன் கையாலேயே அவரைக் குழியில் உட்கார வைத்துவிட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. பெட்டியைத் திரும்பத் தூக்கி வந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் இப்போது அதை நம்பி எதிர்ப் படுக்கை டீச்சர் இருக்கிறாள், மாலை நேர டயாலிசிஸ்காரர்கள் வேறு இருக்கிறார்கள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து நேரே சலூனுக்குப் போனாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஒரே நாற்காலி உள்ள சின்னக் கடை. சலூன்காரன் ஒரு பெரியவருக்குப் பிடரியில் கத்தி போட்டுக்கொண்டிருந்தான். மடித்துவிட்ட சட்டைக் கைக்குக் கீழே, வலது முன்கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்துக் கிடந்தது. பெரியவர் போகும்வரை ஓரமாக நின்றாள்.

"வாங்கக்கா. என்ன, அண்ணனுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்ல."

"உட்காருங்க. வேற நாற்காலி கிடையாது, இதுலயே உட்காருங்க. பயப்படாதீங்க, முடியில கை வைக்க மாட்டேன்."

அவள் உட்கார்ந்தாள். எதிர்க் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துப் பேசுவது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. டாக்டர் சொன்னது, இருதயம் வீங்குவது, புருஷன் சொன்ன சாக்கு எல்லாவற்றையும் சொன்னாள். கடைசிச் சாக்கைச் சொல்லும்போது மட்டும் கண்ணாடியிலிருந்தும் பார்வையை இறக்கிக்கொண்டாள்.

அவன் விளக்குமாற்றை எடுத்து உதிர்ந்த முடியைக் கூட்ட ஆரம்பித்தான். ஏற்கெனவே கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினான்.

"நானும் சொல்லிட்டேன்க்கா. தேதி வந்த அன்னைக்கே சொன்னேன். 'அண்ணே, கிடைக்கிறவனுக்குக் கிடைக்குது, போய் வாங்கிக்கங்க'ன்னேன். 'வாயை மூடிட்டுக் குதி'ன்னுட்டாரு."

"உன் மேல பிரியம் வெச்சிருக்காரு. அதான் நீ சொன்னாலும் கேட்க மாட்டேங்குறாரு."

"அப்ப அதை இல்லாம பண்ணணும்."

கூட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். அவன் என்ன செய்யப் போகிறான் என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. வேண்டாம் தம்பி என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. தன் புருஷன் பிழைக்க வேண்டும் என்கிற ஒரே எண்ணம் அவள் வாயைக் கட்டிப் போட்டுவிட்டது.

"எனக்கும் அந்த நாலு மணி நேரம் அப்படித்தான்க்கா ஓடுது" என்றான் அவன். சிரிக்கத்தான் பார்த்தான், வரவில்லை. "ஒண்ணே ஒண்ணு. அண்ணன் போனதும் பழைய பெட்டிதானேன்னு தூக்கிட்டுப் போயிடாதீங்க. அது அங்கேயே இருக்கட்டும்."

"இருக்கும்ப்பா. சத்தியமா இருக்கும்."

"அவர்கிட்ட இதைச் சொல்லவும் கூடாது."

அதற்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். குடையை அங்கேயே மறந்துவிட்டு, நனைந்துகொண்டே பஸ் நிறுத்தம் வரை நடந்தாள்.

அடுத்த வார்டு நாளிலிருந்து பொடியன் பள்ளத்தில் விழ ஆரம்பித்தான். கிரேன்காரர் விளிம்புக்குக் கொண்டுபோவார், அவன் கட்டைவிரல் ஒரு கணம் பிந்தும். "தூக்கமாடா?" என்று கேட்டுச் சிரித்தார். அதற்கடுத்த நாளும் அதே கதை. மலையுச்சிக்குக் கிட்டத்தில் ஒரு தொங்குபாலம், அதைத் தாண்டினால் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் பாலத்துக்கு முன்னாலேயே விழுந்தான். கிரேன்காரர் முகம் இறுகிக்கொண்டே போயிற்று. ஒரு நாள் கடைசி அரை மணி நேரத்தில் போர்வை சரிசெய்ய உள்ளே வந்து நின்ற அவள் எல்லாவற்றையும் பார்த்தாள்.

"கண்ணு எங்கடா இருக்கு உனக்கு?"

"என் கண்ணு சரியாத்தான் இருக்கு. நீ ஓட்டுற லட்சணம் அப்படி."

வார்டில் யாரும் அவரை நீ என்று சொன்னதில்லை. அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னடா பேசுற?"

"உள்ளதைத்தான் பேசுறேன். உன்னோட விளையாடி விளையாடி எனக்குச் சலிச்சுப்போச்சு. போய் ஆபரேஷன் பண்ணிக்கன்னா பண்ணிக்க மாட்டேங்குற. கேட்டா எனக்காகவாம். எனக்கென்ன வந்துச்சு? நான் கேட்டேனா உன்னை?"

"டேய்..."

"உனக்குக் கத்தின்னா பயம். பொண்டாட்டி அறுத்துக் குடுக்கிறேன்னு முன்னால நிக்கிறா. நீ பயந்து நடுங்கிட்டு என் கைக்குப் பின்னால ஒளிஞ்சுட்டிருக்க. இதை வெளியில சொல்லாத, ஊரு சிரிக்கும்."

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் வேகமாக வந்தாள். கிரேன்காரர் கையை மேஜையிலிருந்து எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். அவள் சலூன்காரனைப் பார்த்தாள். அவன் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தான். ஊசிக் கை அசையாமல் இருந்தது, தோள் மட்டும் குலுங்கியது. அதை அவள் பார்த்தாள், அவர் பார்க்கவில்லை. ஓடிப்போய் அவர் காதில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று துடித்தாள். போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"சிஸ்டர்" என்றார் கிரேன்காரர். "டாக்டரைக் கூப்பிடுங்க. இந்த வாரம் தேதி இருந்தா இந்த வாரமே குடுக்கச் சொல்லுங்க."

ஆபரேஷன் அன்று காலை இரண்டு பேரையும் பச்சை உடுப்பு மாட்டித் தள்ளுகட்டிலில் அடுத்தடுத்து நிறுத்தியிருந்தார்கள். மகன் நடுவில் நின்று, யார் கையைப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கட்டிலின் கம்பியையும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பயமா இருக்காடி?" என்று கேட்டார் அவர்.

"இல்லைங்க."

"எனக்கு இருக்கு." விளக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தப் பய வாய்க்கொழுப்புல சொன்னாலும் நெசத்தைத்தான் சொன்னான். உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் எப்படி இருப்பேன்னு பயம். கத்தின்னா பயமும்தான். ஆனா நாலு பேர் முன்னால அப்படிப் பேசியிருக்க வேண்டாம். தம்பி மாதிரி வெச்சிருந்தேனே."

அவள் கையை நீட்டினாள். கட்டில் நகர்ந்துவிட்டது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அவள் விலாவில் வலியோடு கண் விழித்தபோது மகன் குனிந்து, "அப்பாவுக்கு ஒண்ணுக்குப் போகுதும்மா, பை நிறையப் போகுது" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னான். உலகத்தில் எந்த மகனும் தாய்க்கு இப்படி ஒரு நல்ல சேதி கொண்டுவந்திருக்க மாட்டான். சில நாள் கழித்து நர்ஸ் ஒரு முழு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, குடிங்க என்றாள். வருஷக்கணக்காக நாக்கை நனைக்க மட்டும் தண்ணீர் பார்த்தவர் அவர். பாதி குடித்துவிட்டு, வழக்கம்போல மிச்சத்தை வைக்கப் போனார். "எல்லாத்தையும் குடிங்க" என்றாள் நர்ஸ். அவர் குடிப்பதை ரொட்டியக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இதற்காக இன்னொருத்தன் கொடுத்ததும் இந்த டம்ளருக்குள் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு, நல்ல நேரம் பார்த்து வருகிற விருந்தாளி மாதிரி, அவர் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் வந்து வந்து போயிற்று.

சலூன்காரனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் எடுக்கவில்லை. தொழிற்சாலையில் பளு தூக்காத வேலையாக, கவர் எண்ணி அடுக்குகிற இடத்தில் அவளைப் போட்டிருந்தார்கள். அவள் வாரம் தவறாமல் ஒரு கட்டு கவரை வார்டு நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தாள். உள்ளே மட்டும் போகவில்லை. அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வந்த நாளில், முடிவு வரத் தாமதமானது. கிரேன்காரர் முகக் கவசத்தோடு வராந்தாவில் இங்கும் அங்கும் நடந்தார். நடந்தவர் வார்டின் கண்ணாடிக் கதவு முன்னால் போய் நின்றுவிட்டார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

"உள்ள போகக் கூடாதுங்க. கிருமி தொத்திக்கும்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"போகல. சும்மா பார்க்கிறேன்."

அவருடைய படுக்கையில் கல்லூரிக்குப் போகிற வயதில் ஒரு பெண் இருந்தாள். புதிதாக வந்தவள். கையில் இன்னும் நரம்பு தயாராகாததால் கழுத்தில் குழாய் போட்டிருந்தார்கள். அதனால் அவளுக்கு இரண்டு கையும் சும்மா கை. ரொட்டிக் கவர் போட்ட கண்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, தன்பாட்டுக்கு ஒருத்தியாகவே விளையாடிக்கொண்டிருந்தாள். கூட்டு யாரும் வேண்டியிருக்கவில்லை. நடுவில் இருந்த மேஜையைச் சுவரோரமாகத் தள்ளியிருந்தார்கள்.

பக்கத்தில் சலூன்காரன். முகம் ஊதி, நிறம் மங்கி, முன்னைக்குப் பாதி ஆளாக இருந்தான். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய சும்மா கை போர்வைமேல் கிடந்தது. பொடியன் விளிம்புக்கு வரும்போதெல்லாம் அந்தக் கட்டைவிரல் போர்வையை ஓர் அமுக்கு அமுக்கியது. அந்தப் பெண் சில தடவை முந்திக் குதித்தாள், சில தடவை பிந்திக் குதித்து விழுந்தாள். அவன் விரல் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. தொங்குபாலம் வந்தது. பலகை பலகையாக, வேண்டிய இடத்தில், வேண்டிய நொடியில் அந்த விரல் இறங்கி இறங்கி எழுந்தது.

கிரேன்காரர் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மூச்சில் கண்ணாடி மங்கியது. புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இவனுக்காடி குதிக்கத் தெரியாது?" என்றார்.

அவள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வேணும்னே விட்டிருக்கான். வேணும்னே பேசியிருக்கான். உனக்குத் தெரியுமா?"

"நான்தாங்க போய்க் கேட்டேன்."

அவர் அவளைத் திட்டவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. விரல் முட்டியால் கண்ணாடியை மெதுவாகத் தட்டினார். அங்கே கேட்டிருக்காது. இன்னொரு தடவை ஓங்கித் தட்டினார்.

சலூன்காரன் திரும்பினான். முகக் கவசத்துக்கு மேலே கண்ணை மட்டும் பார்த்தே ஆளைத் தெரிந்துகொண்டுவிட்டான். வீங்கிக் கிடந்த அந்த முகம் ஒரு கணம் பழைய மாதிரி மலர்ந்தது. அடுத்த கணமே புருவம் சுருங்கிற்று. மூன்று மாதத்துக்கு முன் வேறொருத்தர் உறுப்பை உடம்பில் வாங்கிக்கொண்ட மனுஷன் இந்த வார்டு வாசலில் நிற்கலாமா? இடது கையைத் தூக்கி, போ, போ என்று விரட்டினான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது. திட்டத்தான் திட்டினான். ஊசிக் கையை ஆட்டாமல், கழுத்தை மட்டும் எக்கிக்கொண்டு, அந்த ஒரு கையால் விடாமல் விரட்டினான்.

கிரேன்காரர் கும்பிட்டார். அவன் இன்னும் வேகமாகக் கையை வீசினான். அவள் அவர் முழங்கையைப் பிடித்தாள். முகக் கவசம் நனைய நனைய அழுதுகொண்டே, அவர் அவன் சொன்னபடி அங்கிருந்து போனார்.